அரசுச் சின்னம் அச்சிட்ட டயல்: ஆடம்பர பிராண்டுகள் எந்த ஆர்டருக்கு ‘முடியாது’ சொல்ல வேண்டும்?

கரிசல்_கடிகை (கேள்வி)

வணக்கம். பழைய வாட்ச் ஏலப் பட்டியல்களில் ‘கஞ்சர் டயல்’ ரோலெக்ஸ் அடிக்கடி தலைகாட்டுகிறது. ஓமானின் சின்னமான ‘கஞ்சர்’ என்ற வளைகத்தியும் குறுக்கே இரண்டு வாளும் டயலிலேயே அச்சாகியிருக்கும். அதே ஆண்டு, அதே மாடல், சின்னம் இல்லாமல் இருந்தால் ஒரு விலை. சின்னம் இருந்தால் விலை எங்கேயோ போய்விடுகிறது. அந்நாட்டு ஆட்சியாளர் சுல்தான் காபூஸ் கொடுத்த அன்பளிப்பு என்பதற்குத்தான் அந்தக் கூடுதல் பணம்.

இன்னொரு பக்கம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லூயி விட்டான் நிறுவனம், நாஜிகளோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசின் தலைவர் மார்ஷல் பெட்டேனைப் போற்றும் மார்பளவுச் சிலைகளைச் செய்து கொடுத்ததாக 2004-ல் பிரான்சில் ஒரு சர்ச்சை கிளம்பியது. அதைப் படித்தால் முகம் சுளிக்கிறோம். கஞ்சர் டயலைப் பார்த்தால் ஆசையாக லூப்பை (உருப்பெருக்கிக் கண்ணாடியை) எடுக்கிறோம். இரண்டிலும் தேர்தலில் நிற்காத ஒரு ஆட்சியாளர், அவர் பெயரைச் சொல்ல ஒரு பொருள், அதைச் செய்ய ஒரு பெரிய கம்பெனி. என்ன வித்தியாசம்?

நான் கேட்பது சேகரிப்பவர்கள் வாங்கலாமா கூடாதா என்பதை அல்ல, அது தனிக் கதை. செய்து கொடுக்கும் கம்பெனி என்ன பார்க்க வேண்டும்? ‘ஆட்சிக்கு வந்து 25 ஆண்டு, 200 வாட்ச் வேண்டும்’ என்று ஒரு அரண்மனையிலிருந்து கடிதம் வந்தால், ஆர்டரை எடுப்பதற்கு முன் எதையெல்லாம் சரிபார்ப்பார்கள்? எந்த இடத்தில் நிறுத்துவார்கள்? தொழில் தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

பத்துமடங்கு

ஆர்டர் யார் கொடுத்தார், பொருள் யார் கைக்குப் போனது, இந்த இரண்டையும் பார்க்காமல் ஒன்றுதான் என்றோ வேறுதான் என்றோ சொல்ல முடியாது.

கஞ்சரையே எடுப்போம். காபூஸ் 1970 ஜூலை 23 அன்று பிரிட்டிஷ் ஆதரவோடு சொந்தத் தகப்பனாரை இறக்கிவிட்டு ஆட்சிக்கு வந்தவர். தெற்கே தோஃபாரில் அப்போது கிளர்ச்சி. அதை அடக்க பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படையினர் ‘பயிற்சிக் குழு’ என்ற பெயரில் போனார்கள். 1972 ஜூலையில் நடந்த மிர்பாத் சண்டை அதில்தான் வரும். கஞ்சர் வாட்ச்களில் ஒரு பகுதி இப்படி சுல்தானுக்காகச் சண்டை போட்ட வெளிநாட்டு ராணுவத்தினருக்குப் போனது. மீதி விருந்தினர், அதிகாரிகள், ஒப்பந்தக்காரர்கள். ஆர்டர் பெரும்பாலும் லண்டன் ஆஸ்ப்ரே கடை வழியாகப் போனது. சில பின்மூடிகளின் உட்புறம் ஆஸ்ப்ரே பெயரே இருக்கும். சப்மரைனர், சீ-டுவெல்லர், ஜி.எம்.டி. மாஸ்டர், டே-டேட், டேடோனா என்று பல மாடல்களில் உண்டு. சின்னம் சிவப்பு, பச்சை, தங்க நிறங்களில் வரும். அமீரகப் பாதுகாப்பு அமைச்சகத்துக்காகக் குரைஷ் பருந்துச் சின்னம் போட்ட டேடோனாவும் சப்மரைனரும் இதே காலத்து, இதே வகைச் சமாச்சாரம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சின்னம் தொழிற்சாலையிலேயே அச்சானதா, பிறகு வெளியே யாரோ அடித்ததா என்பதில்தான் இன்றைய விலை முழுக்க நிற்கிறது. வெளியே அடித்தது என்று சந்தேகம் வந்தால் பாதி விலைகூடத் தேறாது. அதாவது, கம்பெனி இந்த ஆட்சியாளருக்குத் தன் கையாலேயே செய்து கொடுத்தது என்ற சாட்சிக்குத்தான் சந்தை பணம் தருகிறது. ‘நாங்கள் வாட்ச் விற்றோம், அவர்கள் என்ன செய்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது’ என்ற பேச்சு இந்த வகைப் பொருளில் எடுபடாது.

இனி பெட்டேன். 1940 ஜூலை 10 அன்று நாடாளுமன்றம் அவர் கையில் முழு அதிகாரத்தைக் கொடுத்தது. அக்டோபர் 3-ல் யூதர்களை அரசு வேலையிலிருந்தும் பல தொழில்களிலிருந்தும் விலக்கும் சட்டம் வந்துவிட்டது. விஷி நகரில் அரசு இயங்கிய ஓட்டல் தூ பார்க்கின் தரைத்தளத்தில் லூயி விட்டான் கடை திறந்தே இருந்தது. பக்கத்தில் இருந்த மற்ற ஆடம்பரக் கடைகள் மூடப்பட்டன. சிலைகளின் எண்ணிக்கை 2,500-க்கு மேல் என்று அந்தச் சர்ச்சையைக் கிளப்பிய பிரெஞ்சுப் பத்திரிகையாளர் எழுதினார். தாய் நிறுவனமான எல்.வி.எம்.ஹெச். ‘எங்கள் குழுமத்துக்குள் வருவதற்கு முந்தைய குடும்ப நிர்வாகக் காலத்துச் செய்தி’ என்று ஒதுங்கிக்கொண்டதே தவிர, நடக்கவில்லை என்று மறுக்கவில்லை.

இந்தச் சிலைகள் யாருக்கும் நன்றி சொல்லப் போனவை அல்ல. நாட்டு மக்கள் தலைவரைக் கும்பிட வேண்டும் என்பதற்காக மொத்தமாக வார்த்தவை. பயணப் பெட்டி செய்கிற கம்பெனி தனக்குச் சம்பந்தமே இல்லாத சிலை வேலைக்கு இறங்கியிருக்கிறது. வழக்கமான சரக்கில் ஒரு முத்திரை போட்டுத் தருவது வேறு, ஆட்சிக்காகப் புதிதாக ஒரு தொழிலே தொடங்குவது வேறு.

இன்னொரு வகையும் உண்டு. கிம் இல் சுங் பெயர் டயலில் சிவப்பெழுத்தில் வரும் ஒமேகா வாட்ச்கள். 1970-களில் வட கொரியாவின் மேல்மட்ட விசுவாசிகளுக்குத் தரப்பட்டவை. அங்கே அன்பளிப்பு என்பது ஆட்சி நடத்தும் கருவி. தலைவரின் பிறந்தநாளுக்கு யாருக்கு என்ன கிடைத்தது என்பதை வைத்தே ஒருவர் அந்தஸ்து தெரியும். மகனின் பிறந்தநாளான பிப்ரவரி 16-ஐக் குறித்து ‘216’ என்று தொடங்கும் எண்பலகையோடு பென்ஸ் கார்கள் ஓடியது அதன் அடுத்த கட்டம்.

நன்றிப் பொருள் (கஞ்சர் வாட்ச்), விசுவாசப் பொருள் (கிம் ஒமேகா), துதிப் பொருள் (பெட்டேன் சிலை) என்று நான் பிரிப்பேன். முதலாவது சகித்துக்கொள்ளக் கூடியது. மூன்றாவதைப் பற்றி விவாதமே வேண்டாம். ஆனால் கம்பெனிகள் அதிகம் சறுக்குவது இரண்டாவதில். ஏனென்றால் பார்ப்பதற்கு அது அப்படியே முதலாவது மாதிரிதான் இருக்கும்.

---

சுங்கச்சாவடி

பத்துமடங்கு சொன்னது வரலாறு. கடிதம் வந்த நாளில் என்ன நடக்கும் என்பதை நான் சொல்கிறேன்.

முதலில் சட்டம். வட கொரியாவுக்கு ஆடம்பரப் பொருள் போகக்கூடாது என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2006 அக்டோபரில் 1718-ம் தீர்மானத்தில் சொன்னது. எது ஆடம்பரம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்குப் பட்டியல் போட்டுக்கொண்டது. ஓட்டை தெரிந்த பிறகு அடைக்க ஆரம்பித்தார்கள். 2013-ல் நகை, உல்லாசப் படகு, சொகுசுக் கார். 2016 மார்ச்சில் ஆடம்பர வாட்ச். 2016 நவம்பரில் 500 டாலருக்கு மேற்பட்ட கம்பளம், 100 டாலருக்கு மேற்பட்ட பீங்கான் மேசைப் பாத்திரம். நினைவுத் தட்டு செய்கிற பீங்கான் கம்பெனிகள் இந்தக் கடைசி வரியைத்தான் கவனிக்காமல் விடும். ரஷ்யா விஷயத்தில் 2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு பொருளுக்கு 300 யூரோ என்று பொதுவான வரம்பு வைத்தது. அதே மாதம் சுவிட்சர்லாந்தும் ஏற்றுக்கொண்டது.

முக்கியமானவை இவ்வளவுதான். உலகத்தில் உள்ள மற்ற சர்வாதிகார அரசுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆடம்பரப் பொருள் விற்க எந்தத் தடையும் கிடையாது. ‘சட்டப்படி சரி’ என்று ஒரு கம்பெனி சொன்னால், அது கேள்விக்குப் பதிலே இல்லை. சட்டம் அந்தப் பக்கமே வரவில்லை என்றுதான் அர்த்தம்.

அடுத்து நடைமுறை. ஆர்டர் கொடுப்பது யார்? அமைச்சகமா, அரண்மனையின் தனி அலுவலகமா, வரியில்லா மண்டலத்தில் பதிவான ஒரு வியாபார நிறுவனமா? மூன்றாவது என்றால் அதன் உண்மையான உரிமையாளர் யார் என்று எழுத்தில் வாங்காமல் மேலே நகரக்கூடாது. பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறதோ, அந்தக் கணக்கின் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாம் நபர் கணக்கிலிருந்து வந்தால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். சுவிட்சர்லாந்தில் 1,00,000 பிராங்குக்கு மேல் ரொக்கமாக வாங்கும் வியாபாரி, பணம் யாருடையது என்று விசாரித்தே ஆக வேண்டும் என்பது 2016 முதல் சட்டம். ரொக்கம் என்ற பேச்சே வராமல் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

பிறகு ஏஜென்ட் கமிஷன். இதில்தான் நிறையப் பேர் மாட்டுவார்கள். சாதாரணமாக ஒற்றை இலக்கச் சதவீதத்தில் இருக்கும் கமிஷன் திடீரென்று 15, 20 என்று ஏறினால், அந்த வித்தியாசம் ஆர்டர் கொடுத்த அதிகாரியின் பைக்குத் திரும்புகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு அரசு அதிகாரிக்கு லஞ்சம் கொடுப்பது சுவிஸ் குற்றவியல் சட்டத்திலும் குற்றம், பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டத்திலும் குற்றம். பிரிட்டிஷ் சட்டத்தில் ‘தடுக்கத் தவறியது’கூடக் கம்பெனியின் குற்றம்தான்.

யாருக்குப் போகும் என்ற கேள்விக்கு ஆள் பெயர் வேண்டாம், எந்த அரண்மனையும் தராது. வகைவாரியாகக் கேட்கலாம்: வெளிநாட்டு விருந்தினர் எத்தனை, ராணுவம் எத்தனை, அரசு ஊழியர் எத்தனை என்று. பட்டியலில் நீதிபதி, தேர்தல் அதிகாரி, பத்திரிகை ஆசிரியர் என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே கோப்பை மூடிவிடலாம். பத்துமடங்கு சொன்ன ‘விசுவாசப் பொருளை’ அடையாளம் காண இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. பட்டியலே தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கொண்டாடும் நாள் எது என்பதையும் பார்க்க வேண்டும். விடுதலை நாள், அணை திறந்த நாள் என்றால் ஒரு மாதிரி. ஆட்சியைக் கைப்பற்றிய நாள், ‘ஒழுங்கை நிலைநாட்டிய’ நாள் என்றால் அந்த நாளில் தெருவில் என்ன நடந்தது என்று யாராவது அரை மணி நேரம் படித்துப் பார்க்க வேண்டும். விற்பனைப் பிரிவு இதைச் செய்யாது. அதற்கென்று ஒரு ஆள் இருக்க வேண்டும்.

எங்கே கெடுகிறது என்றால், வரிசை மாறுவதில். விற்பனைக்காரர் 50 சதவீத முன்பணத்தை வாங்கிவிடுவார், மாதிரி டயல் தயாராகிவிடும், பிறகுதான் கோப்பு பரிசீலனைக்கு வரும். அப்போது மறுத்தால் முன்பணத்தைத் திருப்ப வேண்டும், செய்த டயல் நஷ்டம், தூதரகத்திலிருந்து போன் வேறு. யாரும் மறுக்க மாட்டார்கள். மாதிரி டயலுக்கு உத்தரவு போவதற்கு முன்பே பரிசீலனைக் கையெழுத்து விழ வேண்டும் என்ற ஒரு விதி இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொரு தந்திரம்: வாட்ச்சைச் சாதாரண டயலோடு வழக்கமான விற்பனைக்காரருக்கு அனுப்பிவிட்டு, சின்னம் போட்ட டயலைத் தனியாக 9114 என்ற சுங்கத் தலைப்பில் உதிரிப்பாகமாக அனுப்பச் சொல்வார்கள். தனி டயலின் இன்வாய்ஸ் மதிப்பு வரம்புக்குக் கீழே நின்றுவிடும். தடை உள்ள நாட்டுக்கு இப்படிப் போனால் அது தெரிந்தே தடையைச் சுற்றிப் போவது, தனிக் குற்றம்.

---

வெறும்முள்

எல்லாம் சரி. ஆனால் இந்த 200 வாட்ச்சை மறுத்த அதே கம்பெனி, அதே ஊர் மாலில் கடை போட்டு அதே அதிகாரிக்கு, அவர் மனைவிக்கு, மச்சானுக்கு விற்கிறது. அங்கே வகைவாரிப் பட்டியலை யார் கேட்கிறார்கள்? டயலில் சின்னம் இருந்தால் பாவம், இல்லாவிட்டால் வியாபாரமா?

பத்துமடங்கின் மூன்று வகையும் ஓமானில் நிற்காது. காபூஸ் காலத்தில் தேசிய தினமே நவம்பர் 18, அவர் பிறந்தநாள். பிரதமர், பாதுகாப்பு, வெளியுறவு, நிதி எல்லாம் அவர் கையில். கட்சி கிடையாது. அந்த நாட்டில் அரசுச் சின்னம் என்றால் அவர்தான், அவர் என்றால் அரசுச் சின்னம். ‘முகம் போடவில்லை, கத்திதான் போட்டோம்’ என்பது பூசி மெழுகுவது.

இன்னும் ஒன்று. வாட்ச், பெட்டி என்று சின்னச் சாமான்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். துர்க்மெனிஸ்தானில் அதிபர் நியாசோவ் 2002-ல் ஜனவரி மாதத்துக்கே தன் பட்டப்பெயரை வைத்தவர். அவர் எழுதிய நூலை நாடே மனப்பாடம் செய்தது, ஓட்டுநர் தேர்வில்கூட அதிலிருந்து கேள்வி. அந்த நூலின் ஜெர்மன் மொழிபெயர்ப்புக்குச் செலவு செய்தது பென்ஸ் கார் கம்பெனியான டைம்லர்-கிரைஸ்லர். யாரும் ஆர்டர் கொடுத்து அவர்கள் செய்யவில்லை. தாங்களே செய்து கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒப்பந்தம் பிடிக்க அது நுழைவுச் சீட்டு. இதை எந்தப் பரிசீலனைக் கோப்பு பிடிக்கும்?

ஹ்யூகோ பாஸ் நாஜிச் சீருடை தைத்ததையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று அந்த பிராண்டின் கோட்-சூட்டைப் போட்டுக்கொண்டுதான் மனித உரிமை மாநாட்டுக்கே போகிறார்கள்.

---

சிலிக்கான்_பேட்

வெறும்முள், சின்னம் இருந்தால் என்ன வித்தியாசம் என்று கேட்டீர்கள். அச்சுப் பட்டறைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கவுன்டரில் வாட்ச் விற்க ஒரு நிமிடம் போதும், வாங்குகிறவர் யார் என்றே தெரிய வேண்டாம். சின்னம் போட்ட டயலுக்கு மாதக்கணக்கில் இரு தரப்பும் உட்கார்ந்து பேச வேண்டும். சுமார் 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள பித்தளைத் தகடு, பின்பக்கம் பற்றவைத்த இரண்டு செம்புக் கால்கள், மேலே மெருகு, மின்முலாம், அதன் மேல் லாக்கர். இதுவரை எல்லா டயலுக்கும் பொது. அதன் பிறகு அச்சு. எஃகுத் தகட்டில் சின்னத்தை 20, 25 மைக்ரான் ஆழத்துக்குக் குடைந்து, அந்தப் பள்ளத்தில் மை நிரப்பி, மேலே வழித்தெடுத்து, சிலிக்கான் பேட் அந்த மையை எடுத்து டயலில் ஒற்றும். ஆழம் கூடினால் மை பரவி, கத்தி உறையின் வேலைப்பாடு முழுக்கத் திட்டாகிவிடும். குறைந்தால் வெளிறும். கறுப்பு டயலில் சிவப்பு நிற்க வேண்டுமானால் ஒரு தடவை ஒற்றினால் போதாது, அடியில் வெள்ளை கொடுத்து மேலே சிவப்பு போட வேண்டும். இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். பிசகினால் சிவப்பின் ஓரத்தில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும்.

ஒவ்வொரு கட்டத்திலும் மாதிரி அரண்மனைக்குப் போய்த் திரும்பும். ‘வாள் முனை மழுங்கியிருக்கிறது’, ‘பச்சை எங்கள் பச்சை இல்லை’ என்று திருத்தம் வரும். பிராண்டின் பெயர் எங்கே, சின்னம் எங்கே, எது மேலே, எது பெரியது என்று இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட வரைபடம் இருக்கும். அந்த வரைபடம் கோப்பில் கிடக்கிற வரை ‘தெரியாது’ என்று யாரும் சொல்ல முடியாது. கவுன்டர் விற்பனையில் பிராண்டுக்கு வாங்குபவரைத் தெரியாது. இதில் இருவரும் சேர்ந்து ஒரு பொருளை உருவாக்குகிறார்கள். எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

முகம் அச்சிடச் சொன்னால் தொழில்நுட்பத்தாலேயே பலர் பின்வாங்குவார்கள். 8 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு முகம் என்றால் கண் என்பது இரண்டு புள்ளி. ஒரு தூசி விழுந்தால் தலைவருக்கு மாறுகண். சாதாரண டயலில் அது கழிவு. தலைவர் முகத்தில் அது அந்த ஊர் ஏஜென்டின் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் இப்படிப்பட்ட ஆர்டர்களில் கழிவு டயல்களை எண்ணி, அவர்கள் ஆள் முன்னிலையில் வெட்டி, அதற்கும் கையெழுத்து வாங்குவார்கள். 200 டயல் வேண்டுமென்றால் கழிவுக்கும் சேர்த்து 220, 225 என்று போடுவது வழக்கம். நல்லதாகத் தேறிய உபரி 10 டயலும் அச்சுத் தகடும் யாருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால், 20 வருடம் கழித்து அவை சந்தைக்கு வரும். அப்போது அவற்றை ‘போலி’ என்றும் சொல்ல முடியாது, ‘அசல்’ என்றும் சொல்ல முடியாது.

---

கரிசல்_கடிகை

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். பல பிராண்டுகள் ‘டயலில் போட மாட்டோம், பின்மூடியில் பொறித்துத் தருகிறோம்’ என்று சமரசம் செய்வதாகத் தெரிகிறது. அது நல்ல வழியா? ஹ்யூகோ பாஸ் விஷயத்தையும் யாராவது தெளிவுபடுத்துங்கள்.

---

பத்துமடங்கு

பாஸை முதலில் முடித்துவிடுகிறேன். அதை இந்த வரிசையில் சேர்ப்பது பொருந்தாது. 1924-ல் மெட்சிங்கனில் தொடங்கிய சிறிய தையல் பட்டறை அது. அப்போது ஆடம்பரப் பெயரே கிடையாது. உரிமையாளர் 1931-லேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். நாஜிக் கட்சியின் எஸ்.ஏ., எஸ்.எஸ். படைகள், ஹிட்லர் இளைஞர் அணி, ராணுவம் எல்லோருக்கும் தைத்தார்கள். வடிவமைத்தது அவர்கள் அல்ல. போர்க் காலத்தில் 140 கட்டாயத் தொழிலாளர்களையும் 40 பிரெஞ்சுப் போர்க் கைதிகளையும் வைத்து வேலை வாங்கினார்கள். கம்பெனியே பணம் கொடுத்து எழுதவைத்த ஆய்வு 2011-ல் வந்தது, மன்னிப்பும் கேட்டார்கள். அந்தக் குற்றம் நாம் பேசுகிற குற்றத்தைவிடப் பெரியது. ஆனால் அங்கே ஆட்சிக்குத் தேவைப்பட்டது துணியும் ஆள்பலமும். நினைவுப் பொருள் ஆர்டரில் ஆட்சிக்குத் தேவைப்படுவது பிராண்டின் பெயர். நூறு வருடம் சேர்த்த மரியாதையில் ஒரு பங்கை எடுத்துத் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார்கள். இரண்டையும் கலந்தால் இரண்டுமே சரியாகப் புரியாது.

வெறும்முள் சொன்ன ஓமான் வாதத்தை ஏற்கிறேன். அரசரும் அரசும் ஒன்றான இடத்தில் ‘சின்னம்தான், முகம் இல்லை’ என்ற பிரிவினை ஓடாது. அப்படியானால் சுங்கச்சாவடி சொன்ன வகைவாரிப் பட்டியல்தான் மிஞ்சுகிறது.

பின்மூடிச் சமரசம் எனக்குப் பிடிக்காது. கையில் கட்டினால் பின்மூடி வெளியே தெரியாது. அதனால் பிராண்டின் சங்கடம் மறைகிறது. வாங்கிக்கொள்கிறவருக்கோ எல்லாமே அப்படியேதான் இருக்கிறது: யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று அவருக்கும் தெரியும், கொடுத்தவருக்கும் தெரியும். கவலைப்பட வேண்டிய விஷயம் அப்படியே இருக்க, கவலைப்படத் தேவையில்லாத விஷயத்தைத்தான் சரி செய்கிறார்கள்.

---

சுங்கச்சாவடி

பின்மூடிக்கு ஒரு வார்த்தை: லேசர் பொறிப்பை எந்த ஊர்க் கடையிலும் போட்டுக்கொள்ளலாம், எங்கள் பொறுப்பில்லை என்பார்கள். பல பிராண்டுகளின் உத்தரவாத அட்டையில் கடையின் பெயரும் விற்ற தேதியும் இருக்கும்; ஒரே வாரத்தில் ஒரே கடையில் தொடர் எண்ணுள்ள 200 வாட்ச் போனால் பிராண்டின் கணினியிலேயே அது தெரியும். கடைக்காரருக்கான ஒப்பந்தத்தில் ‘ஒரே வாங்குபவருக்கு இத்தனைக்கு மேல் போனால் முன் அனுமதி வேண்டும்’ என்று போடுவது எளிது. வெறும்முள் கேட்ட கவுன்டர் ஓட்டையை இதனால் முழுக்க அடைக்க முடியாது, மொத்தக் கொள்முதலையாவது பிடிக்கலாம்.

மறுப்பது எப்படி என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் அதிலும் கெடுப்பார்கள். ‘உற்பத்தித் திறன் இல்லை’ என்று பொய் சொன்னால் அடுத்த வருடம் அதே கடிதம் திரும்ப வரும். ‘ஆட்சியில் இருப்பவரின் பெயரிலோ, பதவியேற்ற நாளின் பெயரிலோ சிறப்புப் பதிப்பு செய்வதில்லை, எந்த நாட்டுக்கும்’ என்று பொது விதி எழுதி வைத்துக்கொண்டு அதை அனுப்ப வேண்டும். அந்த விதி ஐரோப்பிய முடியரசுக்கும் பொருந்த வேண்டும். முடிசூட்டு விழாப் பதிப்பை லண்டனுக்குச் செய்துவிட்டு மற்றவர்களுக்கு விதியைக் காட்டினால் அவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கவும் உரிமை உண்டு. தேசிய தினப் பதிப்பைத் தனியாக வைத்துக்கொள்ளலாம், அமீரகத்தின் 50-ம் தேசிய தினத்துக்கு 2021-ல் பலர் செய்தது போல. அதில் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அன்பளிப்புப் பட்டியல் கிடையாது.

---

வெறும்முள்

லண்டனுக்கும் அதே விதி என்றால் எனக்குச் சம்மதம். எத்தனை பிராண்டு அதில் கையெழுத்துப் போடும் என்று பார்ப்போம்.

---

சிலிக்கான்_பேட்

போடாது. ஏற்கனவே செய்து கொடுத்தவற்றுக்கு ஒரு விஷயம் சேர்க்கிறேன். ஆட்சி கவிழ்ந்த பிறகு இந்த வாட்ச்கள் சர்வீசுக்கு வரும். கவுன்டரில் ‘டயல் மங்கிவிட்டது, புது டயல் போட்டுத் தருகிறோம்’ என்று சொல்லிச் சின்னமில்லாத டயலை மாட்டி, பழையதைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. யாரையும் ஏமாற்ற வேண்டும் என்றில்லை, பழுதான பாகம் வெளியே போகக்கூடாது என்ற பொது விதி. ஆனால் அதோடு அந்த ஆர்டருக்கான கடைசித் தடயமும் போய்விடும். பழைய ஆர்டர் புத்தகத்தையும் எல்லா பிராண்டும் வெளியாருக்குக் காட்டாது. பதேக் பிலிப் போன்றவை கேட்டால் ஆவணச் சான்று தருவதுண்டு, ரோலெக்ஸ் தருவதில்லை. ஆகவே இப்படி ஒரு வாட்ச் கையில் இருப்பவர்கள் சர்வீஸ் படிவத்திலேயே ‘டயல், முள், பின்மூடி மாற்றக்கூடாது, மெருகு போடக்கூடாது’ என்று எழுதி, டயலை முன்னும் பின்னும் படம் எடுத்து இணைத்து, படிவத்தின் நகலில் கவுன்டர்காரர் கையெழுத்தை வாங்கிவிட்டுத்தான் வாட்ச்சைக் கொடுக்க வேண்டும்.